முதுகை மிதிக்க வந்த கிளியூர் அக்கா

எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் காபிப் பழம் சிவந்து பறிப்பு மும்முரமாக இருந்த சீசனில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு எஸ்டேட்டில் லாரி டிரைவர். நான் அதே எஸ்டேட்டில் ஆயா. பழம் பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் சேலத்துக்காரி, கல்யாணமாகி மலையேறியவள். வாய் கொஞ்சம் நீளம் என்று அப்போதே பெயர்.

என் இடுப்பை ஒடித்தது மரம் விழுந்தோ மாடு முட்டியோ இல்லை. ஒரு தும்மல். சிரிக்காதீர்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சிய கஞ்சிப் பானையைக் குனிந்து அடுப்பிலிருந்து தூக்கிய நேரம், ஈர விறகின் புகை மூக்கில் ஏறிவிட்டது. தும்மின அதே நொடியில் இடுப்புக்குள் ஏதோ பொட்டென்று நழுவியது. பானையைக் கொட்டாமல் கீழே வைத்தேன், அந்த மட்டுக்கும் கெட்டிக்காரி. ஆனால் நிமிர முடியவில்லை. அரைக் குனியலில் நின்றபடி "ஐயோ ஐயோ" என்று நான் கத்த, ஆயா யானை விளையாட்டு காட்டுகிறாள் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாம் கைதட்டின.

சுளுக்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தைலம் தேய்த்தார்கள், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தார்கள், உருவி விட்டார்கள். வலி இடுப்பை விட்டுக் காலுக்கு இறங்கியதுதான் மிச்சம். இடது பக்கம் இடுப்பில் தொடங்கிக் குதிகால் வரைக்கும் சூடு இழுத்த மாதிரி எரிந்தது. கட்டைவிரல் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. அப்போதுதான் பயந்தோம். வீட்டுக்காரர் என்னை எஸ்டேட் ஜீப்பின் பின்னால் நீட்டிப் படுக்க வைத்துச் சேலத்துக்கு இறக்கினார். அந்த மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு ஒரு சாமியாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். அடிவாரம் வருவதற்குள் கூப்பிடச் சாமி மிச்சமில்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தன் ஒற்றை விரலால் அதை அமுக்கினார். பொசுக்கென்று மடங்கிவிட்டது. எவ்வளவு பல்லைக் கடித்தும் அவர் விரலுக்கு எதிராக என் விரல் நிற்கவில்லை. என் உடம்பில் ஒரு பாகம் என் பேச்சைக் கேட்காமல் போனது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஜாம் பன் சாப்பிட்டிருக்கியாம்மா?" என்று கேட்டார் டாக்டர். "ரெண்டு பக்கமும் அமுக்கினா ஜாம் ஓரத்துல பிதுங்கும் இல்லையா? முதுகெலும்புக்கு நடுவுல டிஸ்க்குன்னு மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. உனக்கு அது பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது."

"ஆபரேஷனுங்களா டாக்டர்?"

"எடுத்த எடுப்புல கத்தியா? முக்கால்வாசிப் பேருக்கு அது தேவைப்படாது. பிதுங்கினது தானா அடங்கறதுக்கு நாம அவகாசம் கொடுக்கணும். பொறுமை இருக்கா?"

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தாலும் தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்து, காலில் பட்டை கட்டிக் கயிற்றின் நுனியில் எடை தொங்கவிட்டு இழுவை வைத்தார்கள். கறிக்கடையில் தொங்கவிட்ட மாதிரி கிடந்தேன். இடுப்புக்குக் கரண்டில் சூடு வைத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு அம்மா வந்து படுத்தபடியே செய்கிற பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னதை இன்றைக்கும் ஒப்பிப்பேன். கெட்டிப் பலகையில் படுக்க வேண்டும், மெத்தை கூடாது, கயிற்றுக்கட்டில் கூடவே கூடாது. சொன்ன பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். அடுத்த முறை வரும்போது கட்டைவிரலுக்குப் பலம் திரும்பியிருந்தால் பிழைத்தோம். இன்னும் குறைந்தாலோ, ஒன்றுக்கு வருவதே தெரியாமல் போனாலோ அப்போது கத்திதான், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஓடி வர வேண்டும். "இன்னொண்ணு. உருவறேன், மிதிக்கிறேன்னு எவனாவது வந்தா முதுகைக் கொடுத்துடாதே. இருக்கிற நரம்பும் போயிடும்."

கெட்டிப் பலகைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் இருந்தது ஒரு கயிற்றுக்கட்டில், அதுவும் தொட்டில் மாதிரி தொங்கும். தரையில் படுக்கலாம் என்றால், ஏற்காட்டுப் பனியில் தரை ஐஸ் கட்டி, படுத்தால் எழுந்திருக்கவும் முடியாது. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஸ்குரூடிரைவரை எடுத்து வந்து வாசல் கதவைக் கழற்றிவிட்டார். சில்வர் ஓக் மரத்தில் செய்த கெட்டிக் கதவு. நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன்மேல் கதவைப் போட்டு, ஒரு ஜமுக்காளம் விரித்து என்னைக் கிடத்தினார். வாசலுக்கு லாரித் தார்ப்பாயை வெட்டித் தொங்கவிட்டார்.

"லாரி ஓட்டறவரு ஊட்டுக்குக் கதவும் தார்ப்பாய்தானுங்களா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேலி செய்தார்கள்.

கதவில்லாத வீட்டில் படுத்துக் கிடந்து பாருங்கள், உலகம் எப்படிப்பட்டது என்று தெரியும். பனி தன் பாட்டுக்கு உள்ளே வந்து உட்காரும். பக்கத்து வீட்டுக் கோழி என் கால்மாட்டில் முட்டை வைத்துவிட்டுப் போகும். ஒரு நாள் குரங்கு ஒன்று தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்து, என் தலைமாட்டில் இருந்த வாழைப்பழத்தை உரித்து, என்னைப் பார்த்தபடியே நிதானமாகத் தின்றது. எழுந்து விரட்ட முடியாது என்று அதற்கும் தெரிந்திருந்தது. நான் திட்டின திட்டுக்கு மனுஷனாக இருந்தால் நாண்டுகொண்டிருப்பான். அது தோலை என் வயிற்றின் மேல் போட்டுவிட்டுப் போயிற்று.

குரங்கைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பார்க்க வந்த மனிதர்களைத்தான் தாங்க முடியவில்லை. வந்தவர் எல்லோரும் ஆளுக்கொரு கதை கொண்டு வந்தார்கள். வெள்ளக்கடை கிராமத்தில் ஒருத்தர் முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு இன்றுவரை எழுந்திருக்கவில்லை என்றார் ஒருவர். இன்னொருவர், ஆபரேஷன் செய்யாமல் விட்டதால்தான் தன் மச்சானுக்குக் கால் போயிற்று என்றார். செய்தாலும் போகும், செய்யாவிட்டாலும் போகும் என்றால் நான் என்னதான் செய்வது? தினமும் சாயங்காலம் வீட்டுக்காரர் லாரியை விட்டு வந்ததும் என் கட்டைவிரலை அமுக்கிப் பார்ப்பார். மடங்கிவிடும். "பரவால்ல, நேத்துக்கு இன்னைக்குத் தேவலாம்" என்பார். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனுஷி. என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பெற்றவள் மாதிரி பார்த்துக்கொண்டவள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். ஒரு திங்கட்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள்.

"கண்ணு, நாளைக்குக் கிளியூர்ல இருந்து மிதிக்கிற அக்கா வர்றாங்க. சொல்லி வெச்சுட்டேன். மூணு மிதி. எந்திரிச்சு ஓடிருவே பாரு."

உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவர்களுக்கு, இடுப்புப் பிடிப்பைப் போக்கும் வரம் உண்டு என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை காலையில் நோயாளியை வாசற்படியில் குப்புறப் படுக்க வைப்பார்கள். கால் முன்னால் வந்து பிறந்தவர் தன் இடது காலால் மூன்று மிதி மிதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். கூலி வாங்கக் கூடாது. கிளியூர் அக்கா அப்படிப் பிறந்தவர். தினையும் சாமையும் கொஞ்சம் காபியும் பயிரிட்டுக்கொண்டு காலம் காலமாக மலையிலேயே இருக்கும் குடும்பம். அவர் மிதிக்காத முதுகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை என்பார்கள்.

"வேண்டாங்கக்கா, டாக்டரு மிதிக்கவே கூடாதுன்னுட்டாரு, நரம்பு போயிருமாம்" என்று கெஞ்சினேன்.

"டாக்டரு படிச்சவரு. கால் முன்னால வந்து பொறந்தாரா? அதச் சொல்லு."

வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். அவரும் தலையைச் சொறிந்தார். "பெரிய மனசு பண்ணி அவ்வளவு தூரம் வர்றாங்க. வேண்டாம்னா மனசு நோகுமே. லேசா ஒரு மிதி..." என்றார். "லேசா உங்க லாரிய எம்மேல ஏத்துங்களேன்" என்று கத்தினேன். மனுஷன் விடிவதற்குள் காபி மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆண்கள் தப்பிக்கிற வழியே தனி.

செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் கூடையோடு எங்கள் வீட்டின் முன் நின்றார்கள், வேடிக்கை பார்க்க. எனக்கோ எழுந்து ஓடவும் முடியாது, கதவைச் சாத்தித் தாழ் போடவும் முடியாது. கதவு என் முதுகுக்குக் கீழே அல்லவா இருந்தது! என் கால் இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டேன். தார்ப்பாயை விலக்கிக்கொண்டு கிளியூர் அக்கா உள்ளே வந்தார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு, நடுவயசு. பித்தவெடிப்பு விழுந்த பெரிய பாதம். என் கண்ணுக்கு அந்தப் பாதம் மட்டும்தான் தெரிந்தது.

"வாசப்படிக்குத் தூக்கிட்டுப் போலாமுங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

கிளியூர் அக்கா என்னையும், நான் படுத்திருந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "கதவு இங்க இருக்குது. அப்புறம் வாசப்படி எதுக்குங்க? இங்கயே ஆகட்டும். நீங்கெல்லாம் வெளிய போங்க. மிதிக்கறப்ப ஆரும் பாக்கக் கூடாது."

"ஏனுங்க, எங்க மாமனார மிதிச்சப்ப ஊரே பாத்துதுங்களே?"

"அது ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்களுக்கு வேற மொறை. போங்க, போங்க."

எல்லோரும் வெளியே போனார்கள். தார்ப்பாய் இறங்கியது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு கிடந்தேன். அப்போது அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். சுவரில் ஒரு கையை ஊன்றினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலை மடக்காமல் நீட்டியபடியே, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெல்ல மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அந்த உட்காரல் எனக்குத் தெரியும். அது என்னுடைய உட்காரல்.

என் காதருகே குனிந்து கேட்டார்: "அம்மிணி, உங்களுக்கு எடது காலா, வலது காலா?"

"எடதுங்க" என்றேன்.

"எனக்கு வலது."

கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே அவருக்கு அந்த வலி. வலது காலில் நின்றுதானே இடது காலால் மிதிக்க வேண்டும்? ஒவ்வொரு மிதிக்கும் உயிர் போய் உயிர் வருமாம். வீட்டுக்குப் போய் ஆட்டுக்கொட்டகைப் பக்கம் ஒளிந்து படுத்துக்கொள்வாராம். வெளியே சொல்ல முடியுமா? வழுக்கைத் தலைக்காரன் முடி வளர எண்ணெய் விற்ற கதைதான்.

"ஊரு முதுகெல்லாம் நான் மிதிச்சுப் போட்டேன். என் முதுக ஆரு மிதிப்பாங்க? என்னாட்டம் பொறந்தவ இந்தப் பக்கம் இன்னொருத்தி இல்லீங்களே" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்களுக்கு டாக்டரு ஏதோ படுத்துட்டே செய்யற வித்தை சொல்லிக் குடுத்தாராமே. அதுக்கோசரந்தான் வந்தேன். அத எனக்கும் காட்டறீங்களா?"

வெளியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா, "ஆச்சுங்களா?" என்று குரல் கொடுத்தாள்.

கிளியூர் அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தபடியே இடது பாதத்தால் தரையில் தொம் என்று ஒரு அடி அடித்தார். நான் "ஐயோ அம்மா!" என்று ஒரு கத்து கத்தினேன். இரண்டாவது தொம். "செத்தேன்!" என்றேன். மூன்றாவதுக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டிஸ்க் பிதுங்கியவர்கள் சிரிக்கக் கூடாது, குத்தும். வாயைப் பொத்திக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகி முனகிச் சிரித்தோம். வெளியே நின்றவர்களுக்கு அது அழுகை மாதிரியே கேட்டிருக்கிறது. "பாவம், நல்லா அழுத்தி மிதிச்சிருக்காங்க" என்று யாரோ சொன்னார்கள்.

போகும்போது கிளியூர் அக்கா தார்ப்பாய்க்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னார்: "இது பழைய பிடிப்புங்க. ஒரு செவ்வாயில போவாது. செவ்வாய் செவ்வாய்க்கு வரோணும்."

அப்படியே வந்தார். நான் கதவின் மேல், அவர் கீழே சாக்கு விரிப்பில். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, நடு இடுப்பைப் பலகையோடு அழுத்திப் பிடிப்பது. பிறகு இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்குவது. கொஞ்சம் தேறியதும் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது. வலி காலுக்கு ஓடினால் உடனே நிறுத்திவிட வேண்டும். எழுந்திருக்கும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றித்தான் எழுந்திருக்க வேண்டும். டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் போகும்போது மறக்காமல் தரையில் மூன்று தொம் வைப்பார். நானும் என் பங்குக்குக் கத்துவேன். வரவர நன்றாகவே நடித்தேன்.

தனியாகச் செய்தபோது எனக்குப் பயிற்சி என்றால் வேப்பங்காய். இரண்டு நாள் செய்வேன், மூன்றாம் நாள் சலித்துவிடும். செவ்வாய்க்கிழமை அவர் வந்து "செஞ்சீங்களா?" என்று கேட்பாரே என்பதற்காகவே விடாமல் செய்ய ஆரம்பித்தேன். அவரும் அப்படித்தான் என்றார். "உங்களுக்குத் தெரியாம நான் தலச்சுமை தூக்கலீங்க" என்று ஒரு நாள் சத்தியம் செய்தார். காலில் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, முழங்காலோடு நின்றது. பிறகு தொடையோடு நின்றது. ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கம்போல் என் கட்டைவிரலை அமுக்கினார். மடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். நின்றது. அந்த மனுஷன் என் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். நான் திட்டின திட்டையெல்லாம் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் திரும்பப் போகும் நாளில் கிளியூர் அக்காவையும் துணைக்கு என்று சொல்லிப் பஸ்ஸில் இழுத்துப் போனேன். வரமாட்டேன் என்று ஒரே அடம். "துணைக்குத்தானுங்க, டாக்டரு மூஞ்சிய நீங்க பாக்க வேண்டாம்" என்று ஏமாற்றித்தான் கூட்டிப்போனேன்.

டாக்டர் என் விரலை அமுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கத்தி வேண்டாம்மா. இடுப்புக்கு ஒரு பெல்ட் தர்றேன், கட்டிக்க, நட, பயிற்சியை மட்டும் ஆயுசுக்கும் விடாதே" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட ஏற்பட்டதில்லை. பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார், "மிதிக்க யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க டாக்டர். ஆனா மிதிக்கலைங்க."

"அட! யாரு அந்தப் புண்ணியவதி?"

நான் பக்கத்தில் கையைக் காட்டி, அவருக்கும் இதே வலிதான் என்று போட்டு உடைத்தேன். கிளியூர் அக்கா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துவிட்டு, "நீங்களும் ஏறிப் படுங்கம்மா" என்றார். அவருக்கும் அதே கோளாறுதான், பழசு. விரலில் பலம் இருந்தது. அதே பெல்ட், அதே பயிற்சி, சுமை கூடாது. கட்டைவிரலை அமுக்கிப் பார்ப்பது எதற்கு என்று அவர் டாக்டரை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். நரம்பு நசுங்குகிறதா என்று அது காட்டிக்கொடுக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கதவு பழையபடி வாசலுக்கு ஏறியது. நான் பெல்ட்டுக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு, பீப்பாய் மாதிரி விறைப்பாக நடக்க ஆரம்பித்தேன். இதில் ஒரு வம்பு முளைத்தது. கிளியூர் அக்கா மிதித்து நான் எழுந்து நடந்தேன் என்று மலை முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டு அக்கா பஸ்ஸில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். முன்பு எப்போதாவது ஒருவர் வந்த இடத்தில், இப்போது செவ்வாய்க்கிழமை என்றால் அவர் வீட்டு வாசலில் கூட்டம். உண்மையைச் சொன்னால் அவர் பெயர் கெடும், சொல்லாவிட்டால் யாருக்காவது முதுகு கெடும். இரண்டு பேரும் முழித்தோம். சாதாரணப் பிடிப்பு என்று வந்தவர்களைக் கிளியூர் அக்கா கால் விரலால் தொட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு செவ்வாய் நான் கிளியூருக்கு நடந்து போயிருந்தேன். நடப்பதும் எனக்கு மருந்துதானே. அன்று மாரமங்கலத்திலிருந்து ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கூட அவர் மனைவியும் தம்பியும். மிளகுக்கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்தாராம், பாதம் தொங்கிப் போயிருந்தது. கிளியூர் அக்கா அருகில் போய், கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். அசையவே இல்லை. அவர் முகம் மாறியது.

"என் காலு இவரு மேல படாதுங்க. இப்பவே சேலத்துக்குக் கொண்டு போங்க."

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன தொலவு தூக்கிட்டு வந்திருக்கறோமுங்க. டிரைவர் சம்சாரத்த மட்டும் மிதிச்சு நடக்க வெச்சீங்க. நாங்க என்ன பாவம் பண்ணுனோம்?"

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கிளியூர் அக்கா ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் அவங்கள மிதிக்கவே இல்லீங்க. எனக்கே முதுகு வலி, பல வருசமா. அவங்ககிட்ட டாக்டரு வைத்தியம் கத்துக்கத்தான் போனேன். தரையத்தான் மிதிச்சேன்." சொல்லிவிட்டு ரவிக்கைக்குக் கீழே கட்டியிருந்த பெல்ட்டைத் தட்டிக் காட்டினார்.

"ஆமாங்க, சத்தியமா மிதிக்கல. கத்துனது நான், மிதி வாங்குனது தரை" என்று நானும் முன்னால் வந்து சொன்னேன். கட்டிலில் கிடந்தவரின் மனைவிக்குத்தான் பயம் முந்திக்கொண்டது. "பேசிட்டு நிக்காதீங்க, பஸ்சுக்குத் தூக்குங்க" என்று தன் கொழுந்தனை விரட்டினாள்.

அவருக்குக் கத்தி தேவைப்பட்டது. எல்லோருக்கும் பலகையும் பயிற்சியும் போதும் என்று சொல்ல மாட்டேன். தாமதிக்காமல் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம். ஊன்றுகோலோடு நடந்து, பிறகு அதுவும் இல்லாமல் நடந்தார்.

உண்மையைச் சொன்னதால் கிளியூர் அக்காவின் பெயர் கெட்டதா என்கிறீர்களா? அதுதான் வேடிக்கை. "மிதிக்காமயே நடக்க வெச்சுட்டாங்க, மிதிச்சா எப்படி இருக்கும்!" என்று பேசிக்கொண்டார்கள் எங்கள் மக்கள். கூட்டம் இன்னும் கூடியது. அவரும் சளைக்கவில்லை. வருகிறவர்களின் கட்டைவிரலை முதலில் அமுக்கிப் பார்ப்பார். பலமில்லை என்றால் பஸ் ஏற்றிவிடுவார். இருந்தால் விரல் நுனியால் முதுகை ஒரு தொடு தொட்டுவிட்டு, பாயை விரித்து இடுப்பைத் தூக்க வைப்பார். செய்யாதவனுக்கு வரம் பலிக்காது என்று மிரட்டல் வேறு. பக்கத்து வீட்டு அக்காகூட இப்போது இடுப்பைத் தூக்குகிறாள்.

ஆனால் நான் மறக்க முடியாதது, மாரமங்கலத்துக்காரரை அனுப்பிவிட்டுக் கூட்டம் கலைந்த அந்தப் பகல். கிளியூர் அக்கா வாசற்படியில் குப்புறப் படுத்தார்.

"அம்மிணி, இனி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஒருக்கா உங்க கால என் முதுகுல வெச்சு எடுத்துருங்க."

"அக்கா, நான் எல்லாராட்டமும் தலை முன்னால வந்து பொறந்தவ. என் காலுக்கு என்னங்க சக்தி இருக்குது?"

"சக்தி கெடக்குதுங்க. எனக்கும் ஒரு ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்."

சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலத்தில் செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் மரத்துக் கிடந்த அந்த இடது கட்டைவிரலால் அவர் முதுகைத் தொட்டேன். வெயிலில் காய்ந்த அவர் சேலையின் சூடு விரலுக்குத் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். இன்றைக்கும் காலையில் எழுந்ததும் பாயில் படுத்து இடுப்பைத் தூக்கும்போது, ஊர் வலியையெல்லாம் தாங்குகிறவர்களிடம் "உங்களுக்கு எந்தப் பக்கம் வலிக்குது?" என்று நாம் யாரும் கேட்பதே இல்லையே என்று நினைத்துக்கொள்கிறேன்.